அட்மின் செய்த பாவம்

"நான் உங்க எல்லாரையும் காட்டிக் குடுத்திட்டன் நானா!"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான் சஜீவன். கற்பிட்டிக் கரையில் பெட்டி நிறைய விளைமீனோடு உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த செய்னுலாப்தீன் நானாவின் கை அப்படியே நின்றது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆரிட்ட? என்னத்தக் குடுத்த?"

"நம்ம குறூப்ப. நீங்கெல்லாம் போட்ட போஸ்ட் முழுக்க."

விஷயம் இதுதான். 'கடல் நிலவரம்' என்ற ஃபேஸ்புக் குறூப்புக்குச் சஜீவன்தான் அட்மின். எந்தப் பாரில், அதாவது எந்தக் கடலடிப் பாறையில், என்ன மீன் நிற்கிறது என்று கரை முழுக்க அதில் எழுதும். 'ஒளிக்காமல் சொல்வோம், எல்லாரும் பிழைப்போம்' என்று அதன் நெற்றியில் எழுதிவைத்த மகானும் அவன்தான்.

போன மாதம் ஓர் ஏ.ஐ. கொம்பனி அவனுக்குத் தகவல் அனுப்பியது. குறூப்பில் உள்ளதையெல்லாம் தங்கள் மிஷினுக்குப் படிப்பிக்க வேண்டுமாம், அட்மின் சம்மதித்தால் போதுமாம். நம் கடல்தமிழையும் ஒரு மிஷின் படிக்கப்போகிறதே என்ற சந்தோஷப் புளுகத்தில், ஒருவரையும் கேளாமல் 'ஓம்' என்று அழுத்திவிட்டான் பாவி.

அவன் மனைவி மெரினாதான் பிடித்துக்கொண்டாள். "ஊராக்கள் எழுதினதக் குடுக்க நீங்க ஆரு? நாளைக்கு வெளியூர்ப் பெரிய போட்காரன் மிஷினிட்டக் கேட்டா, அது நம்மட பாரெல்லாத்தையும் சொல்லிக் குடுக்காதா?"

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பனிக்கு எழுதிக் கெஞ்சிப் பார்த்தான். தந்தது தந்ததுதான் என்று கையை விரித்துவிட்டார்கள்.

தலவிலக் கோயில் புனித அன்னம்மாள் தன்னைத் தண்டிக்கிறாள் என்றே அவன் நம்பினான். அவன் பார்த்துவைத்த பாரெல்லாம் வெறுமையாகக் கிடந்தன. உண்மையில் அது போன வருஷமே தொடங்கிய கஷ்டம். செய்யப்போகிற பாவத்துக்குத் தாயார் முன்கூட்டியே அடித்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான்.

"உங்கட வாப்பா காலத்துப் பாரையெல்லாம் என்ன நம்பித்தானே நானா போட்டீங்க? அடிக்கிறதெண்டா அடிங்க."

நானா அவனையே பார்த்தார். பிறகு தொப்பி கழன்று விழும்படி சிரித்தார்.

"அட மடையா! மீன் நிக்கிற இடத்த உள்ளபடி சொல்ற கடல்காரன் எங்கடா இருக்கான்? நான் வடக்கெண்டு போட்டா தெக்கால போவன். அன்ரனிப்பிள்ளை எழுதின பாரில மீன் என்ன, பாசி கூட இல்ல. மிஷினக் கேட்டு வாறவன் டீசல எரிச்சிட்டுப் போகட்டும்!"

"மெய்யாவா? எல்லாம் பொய்யா?"

"வல்லாஹி, எல்லாம் பொய்."

போன உயிர் திரும்பி வந்தது சஜீவனுக்கு. அன்னம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டான். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மாதமாகச் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தான். ஒருவருக்கும் அவனால் நட்டமில்லை!

திடீரென்று நிறுத்தினான்.

"ஆனா நானா... நான் போட்டதெல்லாம் உண்மையாச்சே?"

நானாவின் சிரிப்பு அடங்கியது. பக்கத்திலிருந்த மீன் பெட்டியைச் சாக்கால் மெதுவாக மூடினார். சிக்கில்லாத வலையில் சிக்குத் தேடியபடி, அவன் முகத்தைப் பாராமலே சொன்னார்:

"ஓம் தம்பி. நாங்க எல்லாரும் அங்கதான் வலை போடுறம்."