முடி கொட்டாத மருந்து

"கேன்சருக்கு ஊசி போட்டுகினு இருக்கிறவளுக்கு முடி கொட்டாதா? தறியில உக்காராம இருக்க நடிக்கிறா" என்று அம்மையார்குப்பம் முழுக்கச் சொல்லிவந்தாள் தேசம்மா.

தம்பி மனைவி சுகந்தி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். "இது புது மருந்துங்க அண்ணி. கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள வெச்சு, கட்டிக்கு மட்டும் போறமாதிரி அனுப்புறாங்களாம். முடி அவ்வளவா கொட்டாதாம்."

தேசம்மா நம்பவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள், முக்காடு விலகிய சுகந்தியின் தலையில் ஒரு முடிகூட இல்லை. தேசம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடும்மா. நிஜமாவே உனக்கு நோவுதான். மருந்து முடிய எடுத்துடுச்சே."

"மருந்து எடுக்கலீங்க அண்ணி. நீங்க நம்பணுமேன்னு, நேத்து திருத்தணி மலைக்குப் போய் நான்தான் மொட்டை போட்டுகினு வந்தேன்."

அந்தக் கையைப் பிடித்திருக்கவே தேசம்மாவுக்குக் கூசியது.