மஞ்சள் கோடு

சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றான் மாசானம். நைட் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தவன், கிளம்பத் தயாராக நின்ற பிக்கப்பிலிருந்து சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் போய் மல்லாந்துவிட்டான்.

சுகப்பிரியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்று பிள்ளைக்குத் திருத்தணியில் மொட்டை. மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் ஏற்கெனவே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

முப்பது வருஷத்துப் பழைய பிக்கப். முன்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். அவள் புருஷன் சக்திகுமாரும் மாசானமும் ஒரகடத்தில் ஒரே கார் கம்பெனி, ஒரே அசெம்பிளி லைன். மூன்று மாதமாக லீவு நாளெல்லாம் படுத்துப் புரண்டு முன்பக்கத்தையே மாற்றியிருந்தார்கள். சுருள் ஸ்பிரிங், பவர் ஸ்டியரிங். இப்போது ஒரு விரலால் திருப்பலாம் என்று சக்திகுமார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த ஒரு விரல்தான் சுகப்பிரியாவுக்குப் பயம். வீட்டு வாசலில் வைத்துச் செய்த வேலையை நம்பிப் பிள்ளையை எப்படி ஏற்றுவது?

லைன் வழக்கத்தைச் சொல்லித்தான் சக்திகுமார் அவளைச் சம்மதிக்க வைத்திருந்தான். போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோடு இருந்தால் முறுக்கியாயிற்று, மறுபடி யாரும் தொட வேண்டாம். நேற்று அவளே செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் கோடு இருந்தது. அதன் பிறகுதான் தூக்கம் வந்தது.

இப்போது இவன் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறான். ஏன் என்று கேட்டால், ஸ்பேனரை எடு என்கிறான்.

"பாதி வேலைய இவன் பாத்தான்ல. வண்டி நம்ம வாசல்ல நிக்குதேன்னு வயித்தெரிச்சல்" என்றாள், அவன் காதில் விழட்டும் என்றே.

மொட்டை முடிந்து வந்து பேசிக்கொள்ளலாம் என்று சக்திகுமார் அவன் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கால் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கை மட்டும் வெளியே நீண்டது. கையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு போல்ட்.

"ஸ்பேனரே போடலண்ணே. கையாலயே வந்துட்டு."

ஸ்டியரிங் பாக்ஸை வண்டியின் சேஸிஸோடு பிடிக்க வேண்டிய போல்ட்; அது கழன்றால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் திரும்பாது. நாலில் இரண்டு அப்படித்தான் இருந்தன.

சக்திகுமாருக்கு முகம் வெளுத்து, பிறகு கறுத்தது. "யாருல முறுக்குனது?"

"நாந்தாண்ணே. முறுக்காமலே கோட்டப் போட்டுட்டேன். ராத்திரி லைன்ல நிக்கையிலதான் பொறி தட்டுச்சு."

சக்திகுமார் கையை ஓங்கிவிட்டு இறக்கினான். இனி இந்த வண்டிப் பக்கமே வராதே என்றான். சுகப்பிரியா அதற்கும் மேலே போனாள். பெற்றவர்களுக்குத்தான் பிள்ளை அருமை தெரியும், உனக்கெல்லாம் என்ன தெரியும் என்றாள். மாசானம் நாலையும் முறுக்கி முடித்துச் சாவியை நீட்டினான். அதைப் பிடுங்கிக்கொண்டு சக்திகுமார் சட்டை மாற்ற உள்ளே போனான்.

அவளுக்கு இன்னும் ஆறவில்லை. "எப்ப பாத்த வேலை இது?"

"வியாழக்கிழமை சாயந்தரம், மதினி."

வியாழக்கிழமை சாயந்தரம் பிள்ளை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில், வண்டிக்கு அடியில் கிடந்த சக்திகுமார் ஸ்பேனரும் கையுமாக ஓடி வந்தான். அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாசானம் அப்போது ஸ்டியரிங் ஆயில் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தான்.

"நீ அந்த நேரம் இங்கயே இல்லையே" என்றாள். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"திரும்பி வந்து, அண்ணன் முறுக்கிருப்பாகன்னு கோடு போட்டது நாந்தான மதினி." மாசானம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அவுககிட்ட சொல்லிராதீங்க. மலை ஏறணும். ஸ்டியரிங் புடிக்கிற கை நடுங்கக் கூடாது."