முன்னாள் வீட்டுக்காரர்

"அப்படியா? மூணு வருஷமும் ஒரு சத்தம், சண்டை கிடையாதா?" என்று போனில் கேட்டபடி வீட்டுக்கார அம்மா தலையாட்டினார். எதிரே நாற்காலி நுனியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா அழைத்தது மனைவியின் அண்ணனுடைய நம்பரை.

வாடகை விண்ணப்பத்தின் ஏழாவது வரி, இதற்கு முன் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டது. இந்த ஊருக்கு வந்த நாளாக அவன் ரொட்டித் தொழிற்சாலையின் ஆண்கள் விடுதியில். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் பெண்கள் விடுதியில். வீடு இருந்தால்தானே வீட்டுக்காரர் இருப்பார்? ஏழாவது வரியைக் காலியாக விட்டே மூன்று வீடுகள் கைநழுவிப் போயின.

அவளுக்கு இப்போது ஆறாம் மாதம். மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் விடுதி வார்டன். அதனால்தான் நாலாவது விண்ணப்பத்தில் மச்சானையே வீட்டுக்காரராக்கினான்.

எந்தத் தெரு, எத்தனை அறை, எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்து, இரண்டு முறை திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தான். மச்சானுக்கு ஒரு பெரிய கட்டடத்தின் அடியில், மூன்று தளம் கீழே, கார் கழுவும் வேலை. அங்கே சிக்னல் கிடைக்காது. நாலு மணிக்கு டீ குடிக்க மேலே வருவேன், அதற்குமேல் பேசச் சொல் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இவர்களோ பஸ் சீக்கிரம் கிடைத்ததால் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். ஐயோ, நாலு மணி ஆகட்டும் என்று எப்படிச் சொல்வது என அவன் தவிக்கும்போதே அம்மா போனைக் காதில் வைத்துவிட்டார். தங்கைக்காக மச்சான் முன்கூட்டியே மேலே வந்து நிற்கிறார் போலிருக்கிறது. சொல்லிக் கொடுத்த இரண்டு வருடத்தை மூன்றாக்கியதுதான் கொஞ்சம் அதிகம்.

உள் அறையில் விரித்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"விசாரிச்சியா? விசாரிக்காம சாவியக் குடுத்துடாத."

அம்மாவின் கணவர். மாடி வீடு ஏழு மாதமாகப் பூட்டிக் கிடப்பதற்கு அவருடைய கண்டிப்புதான் காரணம் என்று போன வாரம் வீட்டைக் காட்டும்போதே அம்மா சொல்லியிருந்தார்.

"அதுதானே நடக்குது," என்றார் அம்மா, சற்று உரக்க. பிறகு போனில், சுவரில் ஆணி அடிப்பார்களா, தண்ணீரை வீணாக்குவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் முகம் மலர்ந்தது. கடைசியில், "இவ்வளவு நல்லவங்கள விட உங்களுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ," என்று சொல்லிப் போனை வைத்தார்.

சாவி கைக்கு வந்தது. கூடவே ஒரு வாளி, துடைப்பம், அவள் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு தலையணை.

மாடியில் இரண்டே அறைகள். ஒரு சமையல் மேடை, பக்கத்துக் கட்டடத்தைப் பார்க்கும் ஒரு ஜன்னல். கல்யாணமான பிறகு முதல் தடவையாக இருவரும் தங்களுடையது என்று ஒரு கதவைச் சாத்தினார்கள். விடுதிப் பழக்கத்தில் அவள் இன்னும் குசுகுசுவென்றே பேசினாள். இனிமேல் அப்படிப் பேச வேண்டாம் என்றான் அவன். அப்படிச் சொன்ன தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

தலையணையைப் பார்த்தான். அந்த அம்மா அதற்கு உறை மாற்றிக் கொடுத்திருந்தார். இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். ஒன்றும் இப்படி உறுத்தியதில்லை.

"நம்மள முழுசா நம்பிட்டாங்க இல்ல?" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மாதக் கடைசியில் எங்கே போவது என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தான். அவள் கேட்கவில்லை. சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. பொறக்கப்போறதுக்குப் பொய் சொல்லி வாங்கின வீடு வேணாம்."

பதினாறு படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தை யோசித்து, அடுத்த படியில் அதை மாற்றினான். கீழே அம்மா கதவைத் திறந்ததும் யோசித்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

"மன்னிச்சிடுங்கம்மா. நாங்க இதுக்கு முன்னால வாடகை வீட்டுல இருந்ததே இல்ல. உங்ககிட்டப் போன்ல பேசினது வீட்டுக்காரர் இல்ல, என் பொண்டாட்டியோட அண்ணன். நான்தான் அப்படிப் பேசச் சொன்னேன். அவர் மேல கோபப்படாதீங்க."

சாவியை நீட்டினான்.

அம்மா சாவியை வாங்கவில்லை. திரும்பி உள் அறையைப் பார்த்தார். செய்தித்தாள் அசையாமல் இருந்தது. வாசலுக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைத்து, முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி, அவர் காதுல விழுந்துடப்போகுது. அந்தப் போனை யாருமே எடுக்கல."