முதலாளி வந்தால் நிற்கும் மெஷின்

"இந்தம்மாவை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பணும். அதுக்கு நீங்க எழுத்துல ஒண்ணு குடுத்தா போதும் மேடம்" என்றார் சிவராஜ்.

ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் அவருடைய பட்டறை. பட்டறை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கம்பெனி என்றுதான் சொல்ல வேண்டும். காருக்கான இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்கள் அங்கே ஓடுகின்றன. அதில் புதிதாக வாங்கிய மெஷின் மட்டும் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. ஏன் என்று பார்த்துச் சொல்ல வந்தவள்தான் கெசியா. ஒரு மின் கருவி இன்னொன்றின் வேலையைக் கெடுக்கிறதா என்று சோதிக்கும் நிறுவனத்தில் இன்ஜினியர்.

"நான் எப்ப உள்ள வந்தாலும் மெஷின் நிக்குது. இவங்க பக்கத்துல சும்மா நிக்கிறாங்க. கை உள்ள போனா மெஷினை நிறுத்தற சென்சார் இருக்குதில்ல? வேணும்னே அதுல விரலை நீட்டி நிறுத்திட்டு ரெஸ்ட் எடுக்கறாங்க. மெயின்டெனன்ஸ்காரங்க பார்த்துட்டு மெஷின்ல ஒரு குறையும் இல்லேன்னுட்டாங்க."

அவர் கை காட்டிய இடத்தில் ஆபரேட்டர் மேரிராணி நின்றிருந்தாள். கெலமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள்.

கெசியா அவளைப் பார்த்தாள். உடனே, "ஒரு நிமிஷம் சார், எங்க சீனியர் மேக்ஸ்வெல் சார்கிட்ட பேசிட்டு வந்துடறேன்" என்று போனோடு வெளியே போய்விட்டாள்.

"வந்ததும் வராததுமா போன் பேச்சா? வேலை தெரியுமா இந்தப் பொண்ணுக்கு?" என்றார் சிவராஜ், சூப்பர்வைசர் நாராயணப்பனிடம்.

"ஏமோ சார்" என்று, யாருக்குத் தெரியும் என்பதைத் தெலுங்கில் சொல்லி நழுவினார் நாராயணப்பன்.

திரும்பி வந்த கெசியா, "நான் எதையும் தொட மாட்டேன் சார். நான் சொல்லச் சொல்ல நீங்களே எல்லாத்தையும் செய்யணும்" என்றாள்.

"நல்லாருக்குதே! அப்ப நீங்க வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே மேரிராணி பக்கம் திரும்பினாள். "அம்மா, மெஷின் எப்பல்லாம் நிக்குது?"

"ஐயா வர்றப்ப மட்டும்தாங்க மேடம். மத்த நேரம் ஒரு தடவைகூட நின்னதில்லீங்க. நான் வேணும்னு எதையும் செய்யறதில்லீங்க." குரலில் கெஞ்சல் கொஞ்சமும் இல்லை. செய்யாத தப்புக்கு எதற்குக் கெஞ்ச வேண்டும்?

"கேட்டீங்களா கதையை? என்னைக் கண்டா மெஷின் நின்னு சல்யூட் அடிக்குதாம்!"

"சார், வழக்கமா எப்படி வருவீங்களோ அப்படியே ஒரு தடவை வாங்க. அம்மா, நீங்க மெஷினை ஓட்டுங்க."

சிவராஜ் வெளியே போய்த் திரும்பி வந்தார். அவர் வருகிற அழகே தனி. நெஞ்சு முன்னால் வரும், வாயருகே வாக்கிடாக்கி வரும், அப்புறம்தான் அவர் வருவார். "லாரி பந்தா?" என்று, லாரி வந்துவிட்டதா என வாசல் கேட்டிலிருக்கும் அத்திப்பள்ளிக்கார வாட்ச்மேனைக் கன்னடத்தில் விசாரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

பிரஸ் டக்கென்று நின்றது. பாதியில் மாட்டிய தகட்டை இழுக்க மேரிராணி கையை உள்ளே நீட்டினாள்.

"கையை எடும்மா!"

கெசியா போட்ட சத்தத்தில் நாராயணப்பனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "என்ன மேடம், வயசுல பெரியவங்களைப் போயி..." என்றார்.

"இவங்ககிட்ட அப்படித்தான்யா பேசணும்" என்றார் சிவராஜ், பரம திருப்தியோடு.

"மன்னிச்சுக்குங்க" என்ற கெசியா, "சார், மெஷின் நின்னப்போ அம்மாவோட கை எங்க இருந்தது?" என்று கேட்டாள்.

சிவராஜ் யோசித்தார். "ரெண்டு கையும் வெளிய, மெஷினை ஓட்டற சுவிட்ச் மேலதான் இருந்தது" என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இப்ப அந்த வாக்கிடாக்கியை வெளிய வெச்சிட்டு வாங்க."

கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர் மாதிரி வந்தார். மெஷின் ஓடியது. இருமினார், மெஷினைச் சுற்றி வந்தார். அது பாட்டுக்கு ஓடியது. நாராயணப்பனிடம் வாக்கிடாக்கியைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். அவர் "அலோ" என்றதுதான் தாமதம், நின்றுவிட்டது.

"நீங்க பேசறப்ப இதுலேருந்து கிளம்பற அலை அந்த சென்சார் ஒயர்ல ஏறுது சார். கை உள்ள வந்துடுச்சுன்னு சென்சார் ஏமாந்துபோய் மெஷினை நிறுத்துது. ஒயரைச் சுத்தியிருக்கற கம்பிவலைக்கு எர்த் குடுக்காம விட்டிருக்காங்க. குடுத்துட்டா சரியாயிடும்."

சிவராஜ் தானே இன்னொரு முறை பேசிப் பார்த்தார். நின்றது. அவர் முன்கோபக்காரர்தான், ஆனால் நியாயஸ்தர். நேராக மேரிராணியிடம் போனார். "தப்பா நெனச்சிட்டேன்மா. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க இங்கதான் இருக்கணும்."

அப்புறம் கெசியாவிடம் திரும்பி, "உங்களைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க மேடம்! ரிப்போர்ட்ல உங்க கையெழுத்தையே போட்டுக் குடுங்க" என்றார்.

"நாளைக்கு மேக்ஸ்வெல் சார் வந்து இன்னொரு தடவை சோதிச்சிட்டு அவர்தான் போடுவார் சார். நான் போடக்கூடாது."

"கண்டுபிடிச்சது நீங்க. அவர் எதுக்கு?"

"சொந்தக்காரங்க விஷயமா இருந்தா நாங்க மெஷினைத் தொடவும் கூடாது, கையெழுத்துப் போடவும் கூடாது. இங்க வந்து பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் உடனே அவருக்குப் போன் பண்ணேன்."

"சொந்தமா? இங்க யாரு உங்களுக்குச் சொந்தம்?"

கெசியா பிரஸ் பக்கம் பார்த்தாள். பெருமை தாங்காமல் மேரிராணியின் முகம் அதற்குள் காட்டிக்கொடுத்துவிட்டது.

"காலையிலேருந்து அம்மா, அம்மான்னுதானே சார் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்!"