மாத்திரைக்கு ஒரு அடிக்குறிப்பு

நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தும் மருந்தியல் பேராசிரியரின் வாய் மட்டும் ஓயவில்லை. மாத்திரையை நீட்டிய இளம் டாக்டரைப் பிடிபிடியென்று பிடித்தார்.

“ஒரே வேளைக்கு ரெண்டு போடணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“மருந்துக் கையேட்டுல சார். புதுப் பதிப்பு.”

“நீங்களே புரட்டிப் பார்த்தீங்களா?”

டாக்டர் நெளிந்தார். “இல்ல சார். ஒரு ஆய்வுக் கட்டுரையில அந்தக் கையேட்டை மேற்கோள் காட்டியிருந்தாங்க...”

“பேஷ்! எவனோ எழுதினதை நம்பி என் வாயில போடுவீங்களா? புத்தகத்தைத் தொடாமலே அடிக்குறிப்பு போடுற கும்பல் ஒண்ணு இருக்கு, தெரியுமா? பழைய பதிப்பைப் பார்த்து எழுதிட்டு, வருஷத்தை மட்டும் மாத்திடுவானுங்க. புதுசுல அளவைப் பாதியாக் குறைச்சிருந்தாலும் அவனுங்களுக்குத் தெரியாது. சாகப்போறது நான்தானே!”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “என்னங்க, படிச்சவங்க அப்படியெல்லாம் செய்வாங்களா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. யாருய்யா அந்தக் கட்டுரையை எழுதின புண்ணியவான்?”

டாக்டர் செல்போனில் தேடினார். பேரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“சார், நீங்களேதான்! போன வருஷம் வந்த கட்டுரை.”

மனைவிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. தண்ணீர் டம்ளரை நீட்டினாள். “அப்பாடா! நீங்களே எழுதினதுதானே? கண்ணை மூடிக்கிட்டு முழுங்குங்க.”

பேராசிரியர் கண்ணை மூடவில்லை. வாயைத்தான் இறுக மூடிக்கொண்டார்.