சேவல் சத்தியம்

"கோயில்ல சேவல் தலையை வெட்டிச் சத்தியம் பண்றேன்டா! அப்பவாவது அந்தத் திருடியை ஜெயிலுக்கு அனுப்புவியா?"

பெரியம்மா போட்ட சத்தத்தில், தட்டில் இருந்த வெற்றிலைகூட ஒரு தடவை துள்ளியிருக்கும்.

தேக் சூன் அசையவில்லை. லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு வந்து பினாங்கில் அரசாங்க வக்கீலாக இருப்பவர். எந்த வழக்கை நடத்துவது, எதைக் கைவிடுவது என்று அவர் சொன்னால் போலீஸ் கேட்டுக்கொள்ளும்.

"கெரொசாங் காணாமப் போன அன்னிக்கு, யார் எடுத்தாங்கன்னு பார்க்கலேன்னீங்க. இப்போ கிம் லியன் எடுத்ததைக் கண்ணால பார்த்தேன்னு சொல்றீங்க. இதை வச்சுக்கிட்டு நான் எப்படி வழக்கு நடத்துறது, பெரியம்மா?"

"தாயில்லாப் பிள்ளைன்னு வளர்த்து, கப்பலேத்தி அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

காணாமல் போன கெரொசாங் சின்ன நகையல்ல. சட்டையின் மார்பில் வரிசையாகக் குத்துகிற தங்க ஊசிகள். சந்தேகம் விழுந்தது கிம் லியன் மேல். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பெரியம்மா விலைக்கு வாங்கி, வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட பெண். பெரியம்மாவின் பேரன் பிறந்த நாளிலிருந்து அவள் இடுப்பில்தான் வளர்கிறான். இப்போது அந்த இடுப்பு போலீஸ் லாக்கப்பில் இருக்க, குழந்தை வீட்டில் ஓயாமல் அழுதுகொண்டிருக்கிறது.

"சரி, வெட்டுங்க," என்றார் தேக் சூன். "வெட்டிட்டீங்கன்னா வழக்கை நானே நடத்துறேன்."

பெரியம்மா போனதுதான் தாமதம், தேக் சூனின் மனைவி கியோக் நியோ அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கறுப்பு அங்கி மாட்டிக்கிட்டுப் பக்கம் பக்கமா சட்டம் பேசுறது இதுக்குத்தானா? சேவலை நம்பி ஒரு பொண்ணை ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?"

"பெரியம்மா வெட்டமாட்டாங்க. கடைசி நேரத்துல பின்வாங்கிடுவாங்க."

"அத்தையா? நீங்கதான் அவங்களை மெச்சிக்கணும். சீட்டாட்டத்துல தோத்துட்டே ஜெயிச்சேன்னு சாதிக்கிறவங்க!"

மறுநாள் காலை கோயிலில் ஊதுவத்தி புகைந்தது. மரக்கட்டையின் மேல் சேவலை அமுக்கிப் பிடித்திருந்தார் பூசாரி. போலீஸ்காரருக்குப் பக்கத்தில் கைவிலங்கோடு கிம் லியன் நின்றாள்.

அவளிடம் தேக் சூன் கேட்டார். "நீ எடுத்தியா?"

"இல்லைங்க."

ஸ்டேஷனிலும் இதையேதான் சொல்லியிருந்தாள். அடித்துக் கேட்டபோதும் இதேதான்.

பெரியம்மா கத்தியைக் கையில் வாங்கினாள். தயங்கவில்லை. கியோக் நியோ கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இவ என் கெரொசாங்கை எடுத்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்று கணீரென்று ஆரம்பித்தாள் பெரியம்மா. "நான் சொல்றது பொய்னா, இந்தச் சேவல் தலை மாதிரி என் பேரன் தலை..."

கத்தி மேலே போனது.

"ஐயோ, வேண்டாம்! சொல்லாதீங்க!"

கிம் லியன் போலீஸ்காரரை உதறிவிட்டு ஓடிவந்து, விலங்குக் கையோடு சேவல் மேல் விழுந்தாள்.

"நான்தான் எடுத்தேன்! நான்தான் திருடி! கத்தியைக் கீழே போடுங்கம்மா. குழந்தை பேரைச் சொல்லி வெட்டாதீங்க!"

பிடி விட்டுப்போன சேவல் படபடவென்று வாசலைப் பார்த்து ஓடியது.

"கேட்டியாடா?" பெரியம்மா கத்தியை வீசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "திருடி வாயாலயே வந்துருச்சு!"

கியோக் நியோவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தபோது வாய் திறக்காதவள், சேவலைப் பார்த்ததும் கக்கிவிட்டாளே! 'இந்தக் கழுதைக்காகவா நான் என் புருஷனோட சண்டை போட்டேன்?'

தேக் சூன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு போலீஸ்காரரிடம் திரும்பினார்.

"விலங்கைக் கழட்டுங்க. இந்த வழக்கை நான் நடத்தப்போறதில்லை."

"உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா?" பெரியம்மா கத்தினாள். "அவளே ஒத்துக்கிட்டா!"

"ஏங்க, என்ன இது?" கியோக் நியோவும் சேர்ந்துகொண்டாள். "எடுத்தேன்னு சொல்றவளைப் போய்..."

"அவ எடுத்திருந்தா, பெரியம்மாவோட சத்தியம் உண்மை. உண்மையா சத்தியம் பண்ணினா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் அவ எதுக்குப் பதறணும்?"

கிம் லியன் தரையில் உட்கார்ந்தபடி விசும்பிக்கொண்டிருந்தாள்.

தேக் சூன் குனிந்து கத்தியை எடுத்தார். பெரியம்மாவை நேராகப் பார்த்தார்.

"இந்தச் சத்தியம் பொய்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்க இங்கே ரெண்டு பேர். ஒருத்தி, தான் ஜெயிலுக்குப் போனாலும் சரி, குழந்தை நல்லா இருக்கணும்னு ஓடி வந்தா. கத்தியை ஓங்கின இன்னொருத்தர், அந்தக் குழந்தையோட பாட்டி."