காது வைத்த கோப்பை

மூடுபனிக்குள் மச்சான் வெறும் குரலாக உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி பச்சையம்மாளின் அண்ணன் தாண்டவராயன். தங்கச்சியைப் பார்க்க முந்தின நாள் வந்தவர். ஒரே வாசலில்தான் இருந்தோம். ஆனாலும் அவருடைய பீடியின் சிவப்புப் பொட்டு மட்டும்தான் தெரிந்தது.

மாட்டுக்கொட்டகை இல்லை. புளியமரம் இல்லை. உலகத்தில் பாதியை யாரோ மடித்து எடுத்து வைத்துவிட்டது போலிருந்தது. முந்தின நாள் காட்டுக் கூப்பில் மரம் வெட்டிய அலுப்பு. எனக்குத் தூக்கமும் பாதிதான் கலைந்திருந்தது.

"இன்னா மாப்ள, தொர மாரி காது வெச்ச கப்புலதான் குடிப்பியாமே. டம்ளர்ல குடிச்சா தொண்டயில எறங்காதா?"

சிரித்தேன். பனியில் சிரிப்பு தெரியாது என்று உறைத்ததும் சத்தமாகவும் சிரித்தேன்.

வெள்ளைப் பீங்கான் கோப்பை. சந்தையில் ஆசைப்பட்டு வாங்கியதாக வீட்டில் சொல்லியிருந்தேன். கொடுத்தது மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. இனிமேல் டம்ளரைத் தொடாதே, இதில்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி, மாத்திரையும் கொடுத்தார்.

ஏன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதே நோய் வந்த ரங்கனுக்குச் சாமைக்கொல்லைக்கு அப்பால் தனிக் குடிசை. அவன் பெண்டாட்டியை அவள் அண்ணன்மார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பச்சையம்மாள் காப்பிக் குண்டானோடு வந்தாள்.

தினமும் கோப்பையை வெந்நீரில் அலசிவிட்டுத்தான் ஊற்றுவாள். அண்ணன் வந்த பரபரப்பில் அன்று மறந்துவிட்டாள். இரவெல்லாம் வேலிக்குச்சியில் கவிழ்ந்து கிடந்த கோப்பை. மார்கழிக் குளிர் முழுதும் அதற்குள் இருந்தது.

"சூடா கீது, பாத்து" என்றாள். எப்போதும் சொல்வதுதான்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள்.

டக்கென்று ஒரு சத்தம்.

வலக்கையில் காது மட்டும் மிஞ்சியது. அடியில் ஏந்தியிருந்த இடக்கையின் மேல் கறுப்பாக என்னவோ ஓடியது. அந்தக் கையிலிருந்து ஆவி எழுந்தது. மெல்ல எழுந்து பனியோடு கலந்தது. நானே கொஞ்சம் கொஞ்சமாகப் பனியாகிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வலி இல்லை. சூடுகூட இல்லை.

என் கைகளுக்கு இரண்டு வருஷமாக எதுவுமே தெரியாது. அதனால்தான் அந்தக் கோப்பை.

"இன்னா சத்தம்?" என்றது பனி.

அப்போதுதான் நினைவு வந்தது. நான் கத்தியிருக்க வேண்டும். கையை உதறித் துள்ளியிருக்க வேண்டும். அதற்கான நேரம் போய்விட்டது. பீடிப் பொட்டு எழுந்து இந்தப் பக்கம் வரத் தொடங்கியது.

பச்சையம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"அய்யோ, எங் கை வெந்துபோச்சேண்ணா" என்று அலறினாள்.

அலறிக்கொண்டே குடத்துத் தண்ணீரை என் கையில் ஊற்றினாள். கம்பளியை இழுத்து அதை மூடினாள். குண்டான் பிடித்து வந்த துணியைத் தன் கையில் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

மச்சான் கிளம்பும்வரை கட்டு அவள் கையில்தான் இருந்தது.

"பீங்கானெல்லாம் ஆவாது மாப்ள. தங்கச்சி கையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சந்தைக்கு அவளே போனாள். என் நாலு விரலும் நுழைகிற மாதிரி பெரிய காது வைத்த கோப்பை ஒன்று வாங்கிவந்தாள். வெந்நீரில் அலசினாள். காப்பியை ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"சூடா கீது, பாத்து."